நம்ம பாஷையில் வைத்தியம்: மானிப்பாயில் ஒரு பாடம்



ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "சொல்ல வேண்டியதச் சொல்லவே முடியலீங்க. வயித்தத் தொட்டுக் காட்டினேன், மாத்திர குடுத்தாங்க, வந்துட்டேன்." வலி எப்போது தொடங்கியது, சாப்பிட்ட பிறகா, கொழுந்துக்கூடை சுமக்கும்போதா, மாதவிலக்கு நாளிலா என்பதெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. வைத்தியருக்குத் தமிழ் வராது, நமக்கு அவர் பாஷை சரளமாக வராது. பாதி வைத்தியம் அங்கேயே தவறிப்போகிறது.

இந்தக் குறையை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே யோசித்து, அதற்கு ஒரு வழியும் செய்தவர் யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்தார். அவர் தமிழர் அல்ல. டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்கர். மிஷன் வைத்தியராக 1847 இல் இலங்கைக்கு வந்து, 1848 இல் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தத் தொடங்கினார். இடையில் சில வருஷம் சொந்த ஊருக்குப் போனது தவிர 1873 வரை அங்கேயே இருந்தார். அந்த நேரம் நம் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதே 1867 இல்தான்.

வந்த புதிதிலேயே சில உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் படிப்பித்தார். படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. படித்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஆங்கிலம் கற்றவனுக்கு வெளியே நல்ல சம்பளத்தில் அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. கிராமத்துக்கு யார் மிஞ்சுவார்? ஆகவே 1860களில் கிறீன் டாக்டர் படிப்பையே தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ்ச் சனத்தோடேயே இருப்பார், அவர்களுக்கே வைத்தியம் பார்த்து அவர்களால் பிழைப்பார் என்பது அவர் கணக்கு.

அதற்குப் புத்தகம் வேண்டுமே! அவரும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். சத்திரசிகிச்சைக்கு 'இரணவைத்தியம்' 1867 இல் வந்தது, உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இல், இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்' 1875 இல். எல்லாம் சேர்த்தால் 4,000 பக்கத்துக்கு மேல். ஒரு சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் பார்ப்பது, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்று ஒரு முறையும் வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்தத் தமிழ் நமக்குக் கொஞ்சம் கடினம். ஆனாலும் தமிழில் வைத்தியம் படிப்பிக்க முடியாது என்று யாராவது சொன்னால், மானிப்பாயைக் காட்டலாம்.

அவரிடம் 60க்கும் மேற்பட்டோர் வைத்தியம் கற்றார்கள். அவர்களில் பாதிப்பேர் அளவில் தமிழிலேயே கற்றவர்கள்.

இதில் காசுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. வெளியூர்ப் பணத்தில் ஓடும் வைத்தியசாலை, பணம் நின்றால் மூடிவிடும். பெரிய கட்டணம் கேட்கும் வைத்தியரிடம் ஏழை வரமாட்டான். ஊருக்குள்ளேயே வீடும் வளவும் உள்ள வைத்தியருக்குச் செலவு குறைவு, ஆகவே குறைந்த கட்டணத்திலும் அவர் தொழிலை நடத்தலாம். எந்த வீட்டில் காசு இருக்கிறது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கொடுக்கக்கூடியவரிடம் வாங்கலாம், இல்லாதவரை அனுப்பிவிடாமல் பார்க்கலாம். இப்படி நடக்கும் தொழில்தான் எல்லாருக்கும் வாசல் திறந்திருக்கும், தானும் நிலைக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

தமிழ்ப் படிப்பு நிலைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொழும்பு வைத்தியப் பாடசாலை 1870 இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. கிறீன் டாக்டர் ஊர் திரும்பி 1884 இல் காலமானார். மானிப்பாய் ஆஸ்பத்திரி மட்டும் அவர் பெயரோடு இன்றும் இருக்கிறது.

இப்போது நம் லயத்துக்கு வருவோம். கால் வலித்தால் விரலை வைத்துக் காட்டலாம். மனசு வலித்தால் எங்கே விரல் வைப்பது? "நெஞ்சு படபடங்குது", "ராவெல்லாம் தூக்கமில்ல", "புள்ள பொறந்ததிலயிருந்து ஒண்ணுலயும் மனசு ஒட்டல" என்பதை இன்னொரு பாஷையில் எப்படிச் சொல்வது? உளவளத்துணையாளரின் வேலையே காது கொடுத்துக் கேட்பதுதான். நம்ம பேச்சு தெரியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு இது பாதிதான் எட்டும். மொழிபெயர்க்க மகளை அழைத்துப் போனால், அந்தத் தாய் மகள் முன்னால் எதைச் சொல்லுவாள்?

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. போவதற்கு முன் இரவு, வீட்டில் ஒருவரிடம் வருத்தத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பாருங்கள். எத்தனை நாள், எந்த நேரம், எதைச் செய்தால் கூடுது, எதைச் செய்தால் குறையுது, என்ன மருந்து குடித்தீர்கள். ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். தமிழ் தெரிந்த தாதியையோ மிட்வைப்பையோ கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. ஆகவே கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பேசிப் பார்க்க ஒரு கேள்வி: நம் டிவிஷனில் இந்த வருஷம் சாதாரண தரம் எழுதும் பிள்ளைகளில் தாதியாகவோ, மிட்வைப்பாகவோ, உளவளத்துணையாளராகவோ வர விரும்புகிறவர் யார்? அவருக்கு விஞ்ஞானப் பாடத்துக்கு மாலை வகுப்பு வைக்க நம்மில் யாரால் முடியும்?