சாரல் காலமும் லோடு ஆட்டோவின் பட்டையும்



குழுக்கடன் வாங்கி லோடு ஆட்டோ எடுத்த குடும்பங்கள் நம்மில் பல உண்டு. ஓட்டுவது வீட்டுக்காரரோ மகனோ. தவணை கட்டுவது நாம்தான். சென்ற சீசனில் ஒரு உறுப்பினர் வீட்டு வண்டி, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக் குற்றாலம் வரும் வழியில் பின்பக்கப் பட்டை முறிந்து நின்றுவிட்டது. "ஒரு வாரமா கடகடன்னு சத்தம் கேட்டுச்சுக்கா, கண்டுக்காம விட்டுட்டோம்" என்றார். ஓட்டமில்லாமல் தவணை தள்ளிப்போனது.

ஏன் முறிகிறது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் பக்கம் சாரல். ஈரச் சேறு பட்டைகளின் இடுக்கில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். துருவேறித் தேய்ந்த பட்டை, பாரம் கூடும்போது முறியும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. சாரல் காலத்தில் வாரம் ஒருமுறை பட்டையிலும் ஷாக் அப்சர்பரிலும் உள்ள சேற்றைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வண்டி சமதரையில் நிற்கட்டும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது.

2. டீசல், பழைய ஆயில் ஊற்றிக் கழுவாதீர்கள். ரப்பர் புஷ் ஊறிக் கெட்டுப்போகும். சோப்புத் தண்ணீரே போதும்.

3. கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில், அழுக்குக் கிரீஸ் வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள்.

4. ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்தால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது.

5. வெளிக்கடையில் பட்டை வாங்கினால், உங்கள் வண்டி மாடலுக்கு உரியதா என்று பார்த்து பில்லோடு வாங்குங்கள். புதுப்பட்டை மாட்டிச் சில நாள் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று. கூடுதலாக ஒரு பட்டை சொருகினால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்பார்கள். நம்பாதீர்கள். பட்டை தாங்கினாலும் பிரேக்கும் டயரும் தாங்காது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் எல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். ஒரு நடை மிச்சம் பார்த்து, பல மாதத் தவணையை இழக்கலாமா?

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

* நம் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? பள்ளத்தில் சத்தம் வருகிறதா?
* பராமரிப்புக்கென்று மாதம் ஒரு தொகை தனியாக எடுத்து வைக்கிறோமா?

வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குனிந்து பார்க்கத் தெரிந்தால் போதும்!