பரப்பளவும் பங்கீடும்

இரு வளையிகளுக்கு இடைப்பட்ட பரப்பை வரையறுத்த தொகையீட்டினாற் காணப் பயிலும் மாணவர், "இதனால் யாது பயன்?" என வினவுதல் உண்டு. அவ்வினாவிற்குப் பொருளியலிலிருந்து ஒரு விடை கூறுவாம்.

பதின்மர் வாழும் சிற்றூர் ஒன்றில், நாளொன்றுக்கு ஒன்பதின்மர் தலைக்கு 10 ரூபாவும், எஞ்சிய ஒருவர் 910 ரூபாவும் பெறுகின்றனர் எனக் கொள்க. சராசரி வருமானம் 100 ரூபா. ஆயின், அவ்வூரில் 100 ரூபா பெறுபவர் ஒருவருமிலர். சராசரி மறைப்பதைப் புலப்படுத்தும் வளையி ஒன்றை அமெரிக்கரான மக்ஸ் லோறன்ஸ் 1905 இல் வெளியிட்டார்.

மக்களை வருமானம் குறைந்தவர் முதலாக நிரைப்படுத்துக. கிடையச்சில் மக்கட்டொகையின் பங்கை 'ப' எனவும், நிலைக்குத்தச்சில் அப்பங்கினர் பெறும் வருமானப் பங்கை 'வ' எனவும் குறிக்க. யாவரும் சமமாகப் பெறின் வ = ப என்னும் நேர்கோடு தோன்றும். சமமின்மை உளதாயின் வளையி அக்கோட்டின் கீழே தொய்யும். இடைப்பட்ட இப்பரப்பை, நேர்கோட்டின் கீழுள்ள முக்கோணப் பரப்பாகிய ½ ஆல் வகுக்க வருவதே, இத்தாலியரான கொறாடோ ஜினியின் பெயரால் வழங்கும் குணகமாகும்.

வளையி வ = ப² ஆயின், (ப − ப²) என்பதை 0 முதல் 1 வரை தொகையிடுக. ½ − ⅓ = 1/6. இதனை ½ ஆல் வகுக்கக் குணகம் ⅓ ஆகும். முழுச் சமத்துவத்தில் இது 0. ஒருவரே யாவையும் பெறின் 1 ஐ அணுகும். முற்கூறிய சிற்றூரில், புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்துக் கணிப்பின், 0.81.

எனினும், ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு நாட்டில் மக்களுட் பாதியினர் ஏதும் பெறாதிருக்க, மறுபாதியினர் யாவற்றையும் சமமாகப் பகிர்கின்றனர். பிறிதொரு நாட்டில் ஒருவரே வருமானத்திற் பாதியைக் கொள்ள, ஏனைய பல இலட்சம் பேர் எஞ்சியதைச் சமமாகப் பகிர்கின்றனர். இரண்டிலும் குணகம் ½ என்றே வரும். ஆயின், வறிய பாதியினர் முன்னதிற் பெறுவது யாதுமில்லை. பின்னதிற் பெறுவது மொத்தத்திற் காற்பங்கு.

ஆதலின் மாணவர்காள், பரப்பைக் கண்டதும் எழுதுகோலை வைத்துவிடாதீர். வளையி எவ்விடத்தில் தொய்ந்துள்ளது என்பதையும் நோக்குக. உண்ண உணவற்றோர் எத்துணையர் என்பதை அவ்விடமே கூறும்.