புது வண்டியில் சிறு பெயிண்ட் குறை: என்ன செய்யலாம்?

 

தறியிலிருந்து இறங்கிய சேலையை முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதும், ஓர் இழை பிசகியிருந்தால் கூலியில் பிடிப்பதும் நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் நகையை அடகு வைத்தும் தவணை போட்டும் வாங்கும் வண்டியை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. சாவியும் இனிப்பும் கைக்கு வந்த சந்தோஷத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு டேங்க் ஓரத்தில் ஒரு கீறலோ, கதவில் நிற வேறுபாடோ தெரிகிறது. சிலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். சிலர் வண்டியையே மாற்றித் தரச் சொல்லிச் சண்டைக்கு நிற்கிறார்கள். இரண்டும் தேவையில்லை.

மார்க்கச் சட்டம்

பொருளில் உள்ள குறையை ஃபிக்ஹு நூல்கள் ‘ஐப்’ என்கின்றன. குறையுள்ள பொருளை வாங்கியவருக்கு அதைத் திருப்பித் தரும் உரிமை உண்டு. இதற்கு ‘கியாருல் ஐப்’ என்று பெயர். குறை நம் கைக்கு வருமுன்பே இருந்திருக்க வேண்டும். வாங்கும்போது நமக்குத் தெரியாதிருக்க வேண்டும். வியாபாரிகள் வழக்கத்தில் விலையைக் குறைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். குறை தெரிந்த பிறகும் பேசாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால், அது சம்மதமாகக் கருதப்படலாம். ஷாஃபிஈ மத்ஹபில் தாமதமின்றி நடவடிக்கை எடுப்பது வலியுறுத்தப்படுகிறது. விவரங்களில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. தானியம் நனைந்தது வியாபாரியின் குற்றமல்ல. அதை மறைத்ததுதான் குற்றம்.

நீதிமன்றங்கள் சொன்னது

1990-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மருத்துவர் ஐரா கோர் புது பி.எம்.டபிள்யூ கார் வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து, பாலிஷ் போடும் கடைக்காரர் சொல்லித்தான் கார் மறு பெயிண்ட் அடிக்கப்பட்டது என்று தெரிந்தது. வழியில் கெட்டுப்போன பெயிண்டைச் சுமார் 600 டாலர் செலவில் சரிசெய்து, புதியதாகவே விற்றிருந்தார்கள். பழுதுச் செலவு விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வாங்குபவரிடம் சொல்வதில்லை என்பது அந்நிறுவனத்தின் வழக்கம். ஜூரி 4,000 டாலர் இழப்பீடும், தண்டனையாக 40 லட்சம் டாலரும் விதித்தது. அலபாமா உச்ச நீதிமன்றம் தண்டத் தொகையை 20 லட்சமாகக் குறைத்தது. அதுவும் மிக அதிகம் என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு அது 50,000 டாலராகக் குறைக்கப்பட்டது. மறைத்தது தவறு, தண்டனையும் அளவோடுதான் இருக்க வேண்டும்.

நம் நாட்டில், கிளட்ச் கோளாறு தொடர்பான மாருதி கார் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்கே, முழு வண்டிக்கல்ல என்று தீர்ப்பளித்தது. வாங்கியவரின் அலைச்சலுக்கு 50,000 ரூபாய் தரவும் உத்தரவிட்டது. சிறு பெயிண்ட் குறைக்கும் வண்டியையே மாற்றக் கேட்பதைவிட, அந்தப் பாகத்தைச் சரிசெய்து தரக் கேட்பதே பலன் தரும்.

செய்ய வேண்டியவை

1. பாக்கிப் பணம் கட்டுமுன், உங்கள் பெயரில் பதிவு ஆகுமுன், வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான பிறகு வேறு வண்டி கேட்பது கடினம்.

2. கழுவித் துடைத்த பிறகு பாருங்கள். ஈரமும் தூசியும் கீறலை மறைக்கும். கோட்டிங் போடச் சொல்வதானால் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள்.

3. கீறலின் மேல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டாவிட்டால் பெரும்பாலும் பாலிஷிலேயே போய்விடும். தட்டினால் ஆழமானது. இரு சக்கர வண்டியில் அந்தப் பாகத்தையே மாற்றித் தரக் கேட்கலாம்.

4. குறையை டெலிவரி தாளிலேயே எழுதி, ஷோரூம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு தெரிந்தால் அன்றே தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் தெரிவியுங்கள்.

5. அதற்குமுன் வெளிக்கடையில் பெயிண்ட் அடிக்காதீர்கள். பறவை எச்சம், கல் தெறிப்பு போன்றவை பொதுவாக வாரண்டியில் வராது.

ஷோரூமில் மறுத்தால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

நாம் விற்கும்போது

அதே வண்டியை ஐந்து வருடம் கழித்து நாம் விற்போம். அடிபட்டு மறு பெயிண்ட் அடித்த பாகத்தை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் குறையலாம், பரகத் குறையாது. ஷோரூமிலும் பெயிண்ட் பட்டறையிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் இதை மனதில் வைக்க வேண்டும்.

கொடுக்கல் வாங்கலில் நேர்மையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.