செயலியின் மறுமுனையில் யார்?

அன்புள்ள இளம் சிறுநீரக மருத்துவருக்கு,

மாற்றுச் சிறுநீரகத்தோடு வீடு திரும்புகிறவரிடம், "போன்ல ஒரு ஆப் போட்டுக்குங்க, மாத்திரை நேரத்துக்கு அலாரம் அடிக்கும்" என்று சொல்லி அனுப்புவது எளிது. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அலாரம் அடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சிலர் முறையாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு அந்த வரியைச் சொல்வது நல்லது.

தென் கொரியாவின் சியோல் நகரில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 138 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு மருந்து நேரத்தை நினைவூட்டி, மருந்து விவரங்களையும் காட்டும் செயலி; மற்றதற்கு வழக்கமான கவனிப்பு. 2019இல் முடிவு வெளியானது. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டதில் இரு குழுவுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. செயலி பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இடையிலேயே அதைக் கைவிட்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகம் 136 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு வேறு விதமாக முடிந்தது. அங்கும் செயலி உண்டு. வீட்டில் எடுக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் அதன் வழியே மருத்துவமனைக்குப் போயின. அவற்றைப் பார்ப்பதற்கென்றே ஒரு மருந்தாளுநர் இருந்தார். காணொளி அழைப்பில் நோயாளியோடு பேசி, மருந்துப் பட்டியலைச் சரிபார்த்தார். 2021இல் வெளியான கணக்குப்படி மருந்துப் பிழைகள் 61 சதவீதம் குறைவு. மருத்துவமனையில் சேர்வது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு ஆண்டுக்குத் தலா 1.08 முறை, இவர்களுக்கு 0.65.

கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 8 மையங்களில், 11 முதல் 24 வயதுக்குள் இருந்த 169 பேரிடம் நடந்த ஆய்வும் (2018) இதே பக்கம்தான் சாய்கிறது. திறந்த நேரத்தைப் பதிவு செய்யும் மின்னணு மாத்திரைப் பெட்டி, குறுஞ்செய்தி நினைவூட்டல், இவற்றோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, "எந்த வேளை தப்புகிறது, ஏன்?" என்று பேசும் ஒரு வழிகாட்டி. இந்த உதவி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மருந்தை ஒழுங்காகவும் நேரத்துக்கும் எடுத்தார்கள்.

மூன்றும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு முறையில் நடந்தவை. ஒன்றோடொன்று நேராக வைத்து எடைபோட முடியாது. ஆனாலும் பலன் தெரிந்த இரண்டிலும் மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். பரிந்துரைக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: இதில் பதிவாகும் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்தது, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும், கை நடுங்கும், சர்க்கரை ஏறும். இடைவெளி அவ்வளவு குறுகல். இருவேளை போடுகிறவருக்கு, இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு எடுத்த ரத்தத்தில்தான் லெவல் பார்க்க வேண்டும். செயலிக்கு இது தெரியாது. அன்றும் வழக்கம்போல எட்டு மணிக்கு அலாரம் அடிக்கும். நோயாளி சொன்னபடி கேட்கிறவர், விழுங்கிவிட்டு லேபுக்கு வருவார். லெவல் பொய்யாக ஏறியிருக்கும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் பிசகு இரட்டிப்பாகும். ரத்தம் எடுக்கும் நாளின் காலை அலாரத்தை அணைத்து வைக்க நோயாளிக்குச் சொல்லிக்கொடுங்கள். "கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று லேபில் கேட்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

டோஸை நீங்கள் மாற்றும் ஒவ்வொரு முறையும் செயலியிலும் அது மாற வேண்டும். ஓ.பி.யை விட்டுப் போகும் முன், எதிரிலேயே மாற்றச் சொல்லிப் பாருங்கள். மருந்தின் பெயரோடு பிராண்டையும் பதியச் சொல்லுங்கள். ஒரு நாளுக்கு இருமுறை போடும் டாக்ரோலிமஸும் ஒரே முறை போடும் வகையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகா. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல், பிராண்ட் பெயர் போட்டே எழுதித்தரும்படி அறிவுறுத்தியது.

போனின் நிஜமான பயன் பல நேரம் செயலிக்கு வெளியே இருக்கிறது. சளிக்கு வீட்டுப் பக்கத்து டாக்டர் கிளாரித்ரோமைசின் எழுதுவார். படைக்கு ஃப்ளூகோனசோல் தருவார்கள். இரண்டும் டாக்ரோ லெவலை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைத் தடாலென்று இறக்கிவிடும். புதுச் சீட்டு எதுவானாலும் முதல் மாத்திரையை விழுங்கும் முன் அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், எந்த அலாரமும் தடுக்காத ஆபத்தைத் தடுக்கலாம்.

விளம்பரத்தில் வரும் செயலிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்ற செயலி, போனை மார்பில் வைத்து அதன் கேமராவில் விரலை வைத்தால் போதும், கைப்பட்டை இல்லாமலே ரத்த அழுத்தம் சொல்வதாக விற்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2016இல் சோதித்தபோது, உயர் அழுத்தம் இருந்தவர்களில் ஐந்துக்கு ஏறத்தாழ நான்கு பேரை அது தவறவிட்டது. அதே ஆண்டு அமெரிக்க வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. உங்கள் நோயாளிக்கு மேல்கையில் கட்டும் பி.பி. கருவி போதும். செயலி அந்த எண்ணைக் குறித்து வைக்கட்டும், அளக்க வேண்டாம்.

வீட்டு நிலவரத்தையும் விசாரியுங்கள். அம்மாவுக்கு ஆபரேஷன், போன் வேலைக்குப் போகும் மகனிடம் என்றால், அலாரம் பேருந்தில்தான் அடிக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு ஆங்கிலத் திரை எதற்கும் உதவாது. குறிக்கச் சொல்வதையும் சுருக்குங்கள்: மாத்திரை நேரம், எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர் அளவு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எடை மளமளவென்று ஏறினாலோ, வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ திரையில் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே அழைக்க வேண்டும். அழைக்க வேண்டிய எண் எது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

செயலி பதிவதெல்லாம் ஒரு மனிதரின் நோய் விவரம். அது எங்கே சேமிக்கப்படுகிறது, யாருக்குப் போகிறது என்று அறியாமல் உங்கள் கையால் இறக்கித் தராதீர்கள்.

உங்கள் துறையின் அடுத்த கூட்டத்தில் ஒன்றை மட்டும் கேட்டுப் பெறுங்கள்: நோயாளிகள் அனுப்பும் பதிவுகளைத் தினமும் திறந்து பார்க்க, பெயர் குறித்து ஒரு மருந்தாளுநர் அல்லது செவிலியர், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. அந்த ஆள் கிடைத்த பிறகு எந்தச் செயலி என்று முடிவு செய்யுங்கள்.