எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்கு எக்ஸெல்: ஒரு வங்கி இணைப்பை அளந்து பார்ப்போம்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் எப்போதும் "பிள்ளையின் ப்ராஜெக்ட்" என்பதற்குத்தான். வாங்கிய பிறகு அந்தக் கம்ப்யூட்டர் ப்ராஜெக்டை டைப் செய்வதற்கு மட்டும் பயன்படுகிறது. டைப் செய்வதா பெரிய வேலை? உண்மையான ஆய்வு முழுவதையும் வீட்டு மேசையிலேயே செய்து முடிக்க முடியும். அதற்கு விலை கொடுத்து வாங்கும் சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. எக்ஸெல் இருந்தால் போதும். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

அபிஷேகப்பாக்கத்தில் என் சித்தி மகள் நிதி மேலாண்மையில் முதுகலை படிக்கிறாள். கடைசி பருவத்தில் ஒரு கைடின் மேற்பார்வையில் தனியாக ஒரு ஆய்வு செய்து, அறிக்கை கொடுத்து, வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டும். மாதத் தவணையில் லேப்டாப் வந்தது. கூடவே, "ப்ராஜெக்ட் ரெடிமேடாகக் கிடைக்கும், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஒரு சென்டரின் நோட்டீஸும் வந்தது. "அக்கா, எல்லாரும் அங்கேதான் வாங்குறாங்க. நான் மட்டும் ஏன் கஷ்டப்படணும்?" என்று கேட்டாள்.

பதில் விதிமுறையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் முதுகலை ஆய்வறிக்கைகளுக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்கத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஒரே ரெடிமேட் ப்ராஜெக்ட் பத்து பேருக்கு விற்கப்பட்டால், ஒப்பிடும் சாப்ட்வேர் என்ன எண் காட்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தவணை கட்டும் வீட்டில் ஒரு வருடம் தள்ளிப்போவது சின்ன விஷயம் அல்ல.

தலைப்பைச் சுருக்குங்கள்

அவள் முதலில் எழுதிய தலைப்பு "இந்தியப் பங்குச் சந்தை: ஓர் ஆய்வு". கைடு அதை அடித்துவிட்டார். அடித்தது சரிதான். ஒரு பருவத்தில், ஒரு ஆள், ஒரு லேப்டாப்பில் முடிக்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று வேண்டும். கடைசியில் கிடைத்த கேள்வி இது: "அலகாபாத் வங்கியுடன் இணைப்பு என்ற அறிவிப்பு வந்தபோது, இந்தியன் வங்கியின் பங்கு விலை அதனால் மட்டும் எவ்வளவு மாறியது?"

1907-ல் சென்னையில் தொடங்கிய இந்தியன் வங்கிதான் புதுவையின் முன்னோடி வங்கி. எனவே ஊருக்கும் தொடர்பு உண்டு, தகவலும் இலவசமாகக் கிடைக்கும். 2019 ஆகஸ்ட் 30 வெள்ளிக்கிழமை, பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக்கும் திட்டத்தை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதில் ஒன்று இந்த இணைப்பு. 2020 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அலகாபாத் வங்கியின் 1000 பங்குகளுக்கு இந்தியன் வங்கியின் 115 பங்குகள் தரப்பட்டன.

"அதனால் மட்டும்" என்ற சொல்லில்தான் ஆய்வே இருக்கிறது. அறிவிப்பு வந்தபோது அன்றைய சந்தை நேரம் முடிந்துவிட்டது. திங்கள் விநாயகர் சதுர்த்தி விடுமுறை. ஆகவே முதலீட்டாளர்கள் தங்கள் கருத்தைக் காட்டியது செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை. அன்று இந்தியன் வங்கி பங்கு 10 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. "இணைப்பால் 10 சதவீதத்துக்கு மேல் நஷ்டம்" என்று எழுதிவிடலாமா? கூடாது. அதே வெள்ளிக்கிழமை மாலை, ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் வளர்ச்சி 5 சதவீதம்தான் என்ற புள்ளிவிவரமும் வெளியானது. செவ்வாயன்று நிப்டி 225 புள்ளிகள் சரிந்தது. தேர் இழுக்கும் கூட்டத்தில் எல்லோரும் முன்னால் நகரும்போது நாமும் நகர்வோம் அல்லவா? அது நம் நடையாகாது. கூட்டத்தின் தள்ளலைக் கழித்தால்தான் நம் நடை எவ்வளவு என்று தெரியும்.

இந்தக் கழித்தல் முறைக்கு ஈவண்ட் ஸ்டடி என்று பெயர். ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் ஆகிய நால்வர் 1969-ல் பங்குப் பிரிப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது பிரபலமானது. அப்போது பெரிய கம்ப்யூட்டர் தேவைப்பட்ட கணக்கை இப்போது நம் லேப்டாப் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும்.

தகவலை இறக்குவோம்

தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் இந்தியன் வங்கியின் பழைய விலைகளை, 2019 பிப்ரவரி தொடக்கம் முதல் செப்டம்பர் முடிவு வரை, சிஎஸ்வி பைலாக டவுன்லோட் செய்யுங்கள். அதே காலத்துக்கு நிப்டி 50 குறியீட்டையும் இறக்குங்கள். இரண்டையும் "மூலம்" என்ற போல்டரில் போட்டுவிட்டு, அதன் பிறகு தொடவே தொடாதீர்கள். நகல் எடுத்து அதில்தான் வேலை. சிஎஸ்வி பைலில் பார்முலா தங்காது என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டு சிஎஸ்வியாகவே சேவ் செய்தால், காலையில் வெறும் எண்கள்தான் இருக்கும். முதல் வேலையாக சேவ் ஆஸ் கட்டளையில் எக்ஸெல் ஒர்க்புக் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தேதிகள் செல்லின் இடது பக்கம் ஒட்டி நின்றால், எக்ஸெல் அவற்றை வெறும் எழுத்தாக நினைக்கிறது என்று பொருள். வலது பக்கம் நின்றால் தேதியாகப் புரிந்துகொண்டது. விலைகளுக்கும் இதே சோதனைதான். புதிய தேதி மேலே இருந்தால், சார்ட் கட்டளை மூலம் பழைய தேதி மேலே வரும்படி மாற்றுங்கள்.

(ஒரு குறிப்பு: இங்கே செல் பெயர்களையும் பங்க்ஷன் பெயர்களையும் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.)

ஏ பத்தியில் தேதி, பி-யில் வங்கியின் முடிவு விலை, சி-யில் நிப்டியின் முடிவு. முதல் வரிசை தலைப்புகளுக்கு. இரண்டு பைல்களின் தேதிகளும் வரிக்கு வரி ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு, செப்டம்பர் 3 சரியாக 138-வது வரிசையில் வரும்படி, தலைப்புக்குக் கீழே உள்ள உபரிப் பழைய நாட்களை நீக்கிவிடுங்கள். இனி டி3 செல்லில் =பி3/பி2-1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். இது வங்கியின் அன்றைய மாற்றம். இ3 செல்லில் =சி3/சி2-1. இது நிப்டியின் மாற்றம். இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை இரட்டை க்ளிக் செய்தால் கடைசி வரை நிரம்பிவிடும்.

இப்போது இ138-ஐ சதவீதமாக மாற்றிப் பாருங்கள். நிப்டி 11,023.25-லிருந்து 10,797.90-க்கு வந்தது. எனவே -2.04 சதவீதம் என்று காட்ட வேண்டும். வேறு எண் வந்தால் மேலே போகாதீர்கள். தேதி எங்கோ நழுவியிருக்கிறது.

வழக்கமான நடை என்ன?

நிப்டி 1 சதவீதம் நகர்ந்தால் இந்தியன் வங்கி வழக்கமாக எத்தனை சதவீதம் நகரும்? இதுதான் பீட்டா. அறிவிப்புக்கு முந்தைய 120 நாட்களிலிருந்து இதை எடுக்கிறோம். ஜே1 செல்லில் =ஸ்லோப்(டி3:டி122,இ3:இ122). வங்கி முதலில், நிப்டி இரண்டாவது. மாற்றிப் போட்டாலும் எக்ஸெல் எதுவும் சொல்லாது, தவறான விடையை அமைதியாகக் கொடுத்துவிடும். ஜே2-ல் இதே வரம்புகளுடன் இண்டர்செப்ட். ஜே3-ல் ஸ்டெய்க்ஸ். இந்தக் கடைசி எண், சாதாரண நாட்களில் கணிப்பு எவ்வளவு தப்பும் என்பதற்கான அளவு.

123 முதல் 132 வரை பத்து நாட்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். செய்தி முன்பே கசிந்திருந்தால் அது "வழக்கமான" நடையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. எஃப்133-ல் =$ஜே$2+$ஜே$1*இ133 என்று போடுங்கள். எதிர்பார்த்த மாற்றம் கிடைக்கும். டாலர் குறி, கீழே நகல் எடுக்கும்போது அந்த செல் நகராமல் இருக்க ஆணி அடிப்பது போல. ஜி133-ல் =டி133-எஃப்133. இதுதான் அசாதாரண மாற்றம். இரண்டையும் 143 வரை இழுத்துவிடுங்கள். அறிவிப்புக்கு முன் ஐந்து, பின் ஐந்து, நடுவில் செப்டம்பர் 3.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம். பீட்டா 1.5, இண்டர்செப்ட் 0 என்றால், அன்று எதிர்பார்த்த வீழ்ச்சி 3.06 சதவீதம். பங்கு 12 சதவீதம் விழுந்திருந்தால் அறிவிப்பின் பங்கு சுமார் 8.94. ஜே3 என்பது 2 சதவீதம் என்றால், 8.94-ஐ 2-ஆல் வகுக்க 4.47. இந்த எண் 2-ஐத் தாண்டினால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. உங்கள் ஷீட்டில் வரும் எண்கள் வேறாக இருக்கும். அவற்றைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும். பதினோரு நாட்களையும் கூட்டினால், வகுக்கும் எண்ணை 11-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

என்ன கேட்பார்கள்?

எண் வந்ததும் ஆய்வு முடிந்தது என்று நினைத்தாள். கைடு ஒரே கேள்வி கேட்டார்: "நிப்டிக்குப் பதில் பொதுத்துறை வங்கிக் குறியீட்டை ஏன் வைக்கவில்லை?" நல்ல கேள்வி. வங்கியை வங்கிகளோடு ஒப்பிடுவதுதானே முறை? ஆனால் அந்தக் குறியீட்டுக்குள்ளேயே பஞ்சாப் நேஷனல், கனரா, யூனியன் என்று அதே அறிவிப்பில் சிக்கிய வங்கிகள் இருந்தன. அவையும் அன்று விழுந்தன. அளக்கும் கோலே சுருங்கினால் துணியின் நீளம் தவறாகத்தான் வரும். இரண்டு விதமாகவும் போட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, வித்தியாசத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார். அந்த ஒன்றரைப் பக்கம்தான் அறிக்கையிலேயே சிறந்த பகுதி என்பது என் அபிப்பிராயம். ரெடிமேட் சென்டர் எதிலும் அது கிடைக்காது.

120 நாட்களுக்குள் 2019 மே 23 தேர்தல் முடிவும், ஜூலை 5 பட்ஜெட்டும் வருகின்றன. அந்த நாட்களை நீக்கிவிட்டு பீட்டாவை மறுபடி போட்டுப் பாருங்கள். பெரிதாக மாறவில்லை என்றால் நிம்மதி. மாறினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இன்னொன்று, விலை விழுந்தது என்பதால் இணைப்பு தவறு என்று ஆகிவிடாது. அது முதலீட்டாளர்களின் அன்றைய கருத்து, அவ்வளவே. முடிவுரையில் பலர் எல்லை தாண்டுவது இங்கேதான்.

அறிக்கையை வேர்டில் தயாரிக்கும்போது, தலைப்புகளை வெறும் போல்ட் செய்யாமல் ஹெடிங் ஸ்டைல் கொடுங்கள். அப்போதுதான் பொருளடக்கம் தானாக உருவாகும். கைடுக்கு அனுப்பும் முன் ட்ராக் சேஞ்சஸை ஆன் செய்து அனுப்பினால், அவர் திருத்தியது வேறு நிறத்தில் தெரியும். ஒவ்வொரு வாரமும் பைல் பெயரில் தேதி சேர்த்துப் புதிதாக சேவ் செய்து, ஒரு பிரதியை பென் டிரைவில் வையுங்கள். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் கடைசி" என்ற பெயர்கள் வேண்டாம்.

பிரிண்ட் எடுக்க வேர்ட் பைலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தவளக்குப்பத்திலோ புதுவையிலோ உள்ள கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும், பக்கங்களும் நகர்ந்துவிடும். பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது எக்ஸெல் ஒர்க்புக்கை லேப்டாப்பில் திறந்து, ஜி138 செல்லில் கர்சரை வைத்தே எடுத்துப் போங்கள். முதல் கேள்வி பெரும்பாலும் "இந்த எண் எப்படி வந்தது?" என்பதாகத்தான் இருக்கும்.