ஐந்து லட்ச ரூபாய் கார்டு அம்மாவைக் குளிப்பாட்டாது

நம்பிக்கை: "மெடிக்ளெய்ம் இருக்கிறது, எழுபது வயதுக்காரர்களுக்கான அரசு கார்டும் இருக்கிறது. இனி அப்பாவோ அம்மாவோ படுக்கையில் விழுந்தாலும் பணத்துக்குக் கவலை இல்லை."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், காலை நடைப்பயிற்சியில் சொல்கிறார்கள், குடும்ப வாட்ஸப் குழுவில் சிவப்பு எழுத்தில் அனுப்பி "அனைவருக்கும் பகிரவும்" என்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பரிசீலிப்பது என் தொழில். மாதம் தவறாமல் யாராவது ஒரு மகனோ மகளோ ஒரு கட்டு ரசீதோடு வந்து நிற்கிறார்கள். ஹோம் நர்ஸ் ஏஜென்சி பில், டயப்பர் பில், காற்று மெத்தை பில், வாடகைக் கட்டில் பில். "ஒன்றுகூட பாஸ் ஆகவில்லையே, ஏன்?" என்று கேட்கிறார்கள். பாஸ் ஆகாது. ஆகும் என்று சொன்னவர் பாலிசியைப் படிக்கவில்லை. அவரை நம்பியவர்களும் படிக்கவில்லை.

உண்மை: நம் நாட்டில் விற்கப்படும் மருத்துவக் காப்பீடு சிகிச்சைக்குப் பணம் தரும். பராமரிப்புக்குத் தராது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குடும்பங்கள் கடனில் விழுகின்றன.

பக்கவாதம் வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் பத்து நாள் மருத்துவமனை. ஐசியு, ஸ்கேன், மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாம் காப்பீட்டுக்குள் வரும். பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். உயிர் பிழைத்தாகிவிட்டது; ஆனால் வலது பக்கம் அசையவில்லை, மூக்கில் டியூப், கட்டிலோடு யூரின் பேக். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். இந்த நிலை ஆறு மாதமும் நீடிக்கலாம், எட்டு ஆண்டும் நீடிக்கலாம். பெரிய செலவு அந்தப் பதினோராம் நாளில்தான் தொடங்குகிறது. காப்பீடு விலகுவதும் ஏறக்குறைய அங்கேதான்.

"டிஸ்சார்ஜுக்குப் பிறகும் செலவு தருவார்களாமே?" தருவார்கள். 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் 60 நாள். வேறு சில பாலிசிகளில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதிலும், எந்த நோய்க்காகச் சேர்த்தீர்களோ அதற்கான மருந்து, பரிசோதனை, மருத்துவர் ஆலோசனை ஆகியவைதான் வரும். குளிப்பாட்ட வரும் பெண்ணின் சம்பளம் வராது.

இதை நிறுவனங்கள் ஒளித்து வைக்கவும் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., விலக்குகளுக்கு 2019இல் ஒரே மாதிரியான வாசகங்களை வகுத்தது. உங்கள் பாலிசியில் விலக்குகள் பகுதியில் 05 என்ற குறியீட்டைத் தேடுங்கள். வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க உதவுவது போன்ற அன்றாடப் பணிகளுக்கான செலவு தரப்படாது, அதைச் செய்பவர் பயிற்சி பெற்ற நர்ஸாக இருந்தாலும் தரப்படாது என்று எழுதியிருக்கும். உயிர் பிரியும் நிலையில் இருப்போருக்கான ஆதரவுச் சேவைகளும் அதே விலக்கில்தான் இருக்கின்றன. இன்னொரு பட்டியலும் உண்டு, பணம் தரத் தேவையில்லாத பொருட்களின் பட்டியல். எந்த வகை டயப்பரும், உடனிருப்பவர் கட்டணம், தனி நர்ஸ் கட்டணம், நடக்க உதவும் சாதனங்கள், வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. கூடுதல் பிரீமியம் கட்டினால் இவற்றில் சிலவற்றைத் தரும் பாலிசிகள் உண்டு. ஆனால் அதுவும் பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குத்தான்.

அரசு கார்டும் இப்படித்தான். 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரிவாக்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. இரண்டுமே நல்ல திட்டங்கள். இதய அறுவைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியவை. ஆனால் அவை இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குப் பணம் தருபவை. வீட்டில் படுத்திருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புபவை அல்ல. அவற்றை நம்பி முதுமைப் பராமரிப்பைத் திட்டமிடுவது, தினமும் வாசல் தெளிக்கத் தீயணைப்பு வண்டி வரும் என்று காத்திருப்பதற்குச் சமம்.

இதற்கும் ஒரு குறுக்கு வழி சொல்லித் தருகிறார்கள்: "நான்கு நாள் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுங்கள், க்ளெய்ம் பண்ணிக்கொள்ளலாம்." தயவுசெய்து செய்யாதீர்கள். சிகிச்சை இல்லாமல் கண்காணிப்புக்காகவும் பரிசோதனைக்காகவும் மட்டும் சேர்த்தால் அதற்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது. கோப்பைத் திறந்த உடனே தெரிந்துவிடும். க்ளெய்ம் நிராகரிக்கப்படும், பில்லை நீங்கள்தான் கட்ட வேண்டும். அத்தோடு, எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு முதியவரைக் காரணமில்லாமல் கிருமிகள் நடுவே படுக்க வைத்த பாவமும் சேரும்.

பராமரிப்புச் செலவுக்கு ஓரளவு கைகொடுக்கக் கூடியது தீவிர நோய்க் காப்பீடு. நிரந்தரப் பாதிப்பை விட்டுச் செல்லும் பக்கவாதம், கைகால்களின் நிரந்தரச் செயலிழப்பு போன்றவை உறுதியானால் அது மொத்தத் தொகையாகப் பணம் தரும். அதை ஹோம் நர்ஸ் சம்பளத்துக்கும் செலவழிக்கலாம், யாரும் ரசீது கேட்க மாட்டார்கள். ஆனால் நோய் வருமுன் வாங்கியிருக்க வேண்டும். ஐம்பதில் இருப்பவர்கள் தங்களுக்காக இதைப் பாருங்கள். எண்பதில் இருக்கும் பெற்றோருக்கு இது பெரும்பாலும் கிடைக்காது.

ஜெர்மனியில் 1995 முதல், ஜப்பானில் 2000 முதல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிச் சமூகக் காப்பீடு இருக்கிறது. ஜப்பானில் 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே பணம் குடும்பத்திலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஆள் சம்பளம், டயப்பர், மருந்து, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,60,000. ஐந்து ஆண்டுக்கு 18 லட்சம். உங்கள் ஊர் விலைக்கு இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் போடாமல் விடாதீர்கள்.

பிறகு வரவு. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 8.2 விழுக்காடு வட்டியில் முழுத் தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. ஓய்வு பெறும்போது வந்த பணத்தில் பேரனுக்குக் கார் வாங்கித் தராமல் இருந்திருந்தால் இது சாத்தியம். இதோடு ஓய்வூதியம், வீட்டு வாடகை, பிள்ளைகள் ஒவ்வொருவரும் தரும் பங்கு. பங்கு எவ்வளவு என்பதை எல்லோரும் உட்கார்ந்து பேசி, எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள் என்ன எழுத்து" என்று பெருமையாகச் சொன்ன குடும்பங்களில்தான் இரண்டாவது ஆண்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது.

இலவசமாகக் கிடைப்பதையும் விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. "அதெல்லாம் ஏழைகளுக்கு" என்று கௌரவம் பார்ப்பவர்கள், அந்தக் கௌரவத்துக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்றும் கணக்குப் பார்க்கட்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

நம்பிக்கை: "வீட்டை மகன் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டால் கடைசிவரை பார்த்துக்கொள்வான்."

உண்மை: பார்க்கவும் செய்யலாம், பார்க்காமலும் போகலாம். பார்க்காவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025இல் அதே நீதிமன்றம், முதியோரைக் காப்பதுதான் சட்டத்தின் நோக்கம், அதை மனத்தில் கொண்டு தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் முதியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் எண்பது வயதில் இதற்காக வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகப் படி ஏற வேண்டுமா? உயில் எழுதுங்கள். உயிருள்ளவரை வீடு உங்களுடையது, மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் எழுதியாக வேண்டுமென்றால் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள்.

நம்பிக்கை: "பிள்ளைகள் தராவிட்டால் கோர்ட் வாங்கித் தரும்."

உண்மை: அதே சட்டப்படி தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு 2007இல் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை: "கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பொறுப்பு இல்லை."

உண்மை: திருமணமான மகளுக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரும் வருகிறார்கள். நடைமுறையில் உடம்பால் உழைப்பது பெரும்பாலும் மகளும் மருமகளும்தான். பணப் பங்கு பேசும்போது அந்த உழைப்பையும் பங்காகக் கணக்கில் எடுங்கள்.

நம்பிக்கை: "அப்பாவிடம் பவர் வாங்கி வைத்திருக்கிறோம், மறதி வந்தாலும் சமாளித்துவிடலாம்."

உண்மை: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவைப் பாருங்கள். கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அவர் கொடுத்த அதிகாரமும் முடிந்துபோகிறது. டிமென்ஷியா முற்றியபின் அந்தப் பவரைக் காட்டி நிலம் விற்பது சட்டப்படி செல்லாது. காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டிவரும். நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. "வயதானால் மறதி சகஜம்" என்று தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். கூட்டு வங்கிக் கணக்கு, நாமினி, உயில் மூன்றையும் தெளிவாக இருக்கும்போதே முடியுங்கள்.

நம்பிக்கை: "முடியாவிட்டால் முதியோர் இல்லம் இருக்கவே இருக்கிறது."

உண்மை: நடமாடுபவர்களை மட்டும் சேர்க்கும் இல்லங்கள் நிறைய. படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, கட்டணம் எவ்வளவு கூடும், டெபாசிட் எப்போது திரும்பும் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.

நம்பிக்கை: "ஏஜென்சிக்குப் பணம் கட்டினால் ஆள் வந்துவிடும்."

இதையும் சொல்லாமல் முடிக்க மாட்டேன். வருகிற ஆள் ஒரு மனுஷி. பெரும்பாலும் வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்த பெண், தன் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். "24 மணி நேர ஆள்" என்று பில்லில் எழுதுகிறார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்க எந்த மனித உடம்பாலும் முடியாது. நோயாளியைத் தூக்கும் முறை தெரியாமல் முதுகு போய் நிற்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். டியூப் வழியாக உணவு கொடுக்க யாருமே சொல்லித் தராத பெண்ணின் கையில் நம் அம்மாவை ஒப்படைக்கிறோம். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டால் "இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது" என்று புலம்புகிறோம்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணும் அதில் பதிவு பெற வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும். வார விடுமுறையும், ஏஜென்சி எடுத்துக்கொள்ளும் கமிஷனுக்கு ஒரு வரம்பும் சட்டத்தில் வர வேண்டும். முதியோர் பங்கில் கேரளத்துக்கு அடுத்த நிலையில் இருக்கும் தமிழ்நாடு இதில் முன்னே போகாவிட்டால் வேறு எந்த மாநிலம் போகும்?

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்தப் பெண்ணிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நாங்கள் கட்டுவதில் உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது? கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தீர்கள்? வருகிற பதிலை வைத்துச் சம்பளத்தைத் திருத்துங்கள். வாரத்தில் ஒரு நாள் அந்த வேலையை உடன்பிறந்தவர்கள் முறை போட்டுச் செய்யுங்கள். மாதச் செலவுக் கணக்கை அந்தப் புதிய எண்ணிலிருந்து மறுபடி போடுங்கள்.