நாலூரானுக்கும் நற்கதி

அயலார் பழிப்பதைக் காட்டிலும், முன்பு நம் கோஷ்டியில் இருந்தவர் பழிப்பதே நெஞ்சை மிகவும் வருத்தும். அந்நிலையில் வைஷ்ணவன் நடக்கவேண்டிய முறையைக் கூரத்தாழ்வானின் திவ்ய சரிதம் காட்டுகிறது.

ஆழ்வானுக்குச் சீடனாயிருந்த நாலூரான், பின்னர் சோழனுக்கு அமைச்சனாகி, எம்பெருமானாரின் கையொப்பத்தைப் பெறும்படி அரசனைத் தூண்டினான் என்பது குருபரம்பரைச் செய்தி. எம்பெருமானாரின் காஷாயத்தைத் தரித்து, அவருக்குப் பதிலாகச் சபை புகுந்த ஆழ்வான், அரசன் விரும்பியவாறு எழுத இசையவில்லை. அதனால் கண்களை இழந்தார்.

பின்னர் காஞ்சியில் வரதராஜஸ்தவத்தை விண்ணப்பித்தபோது, பேரருளாளன் வரமளிக்கத் திருவுள்ளம் பற்றினான். ஆழ்வானோ, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றே பிரார்த்தித்தார்.

உறுதி வேறு, துவேஷம் வேறு. நித்யாநுஷ்டானத்தை விடாதிருப்பதும், விலகியவர்க்கும் நன்மை வேண்டுவதுமே ஆழ்வான் காட்டிய வழி. உற்சவம் சேவிக்க வந்துள்ள அன்பர்கள், தம்மைப் பழித்தவர் ஒருவருக்காகவும் பெருமாள் திருமுன்பே பிரார்த்திப்பார்களாக.